கோப்பையின் அடியில் அவள் பெயர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். முதன்முதலாகப் பரிசு வாங்கியவள் அக்கா. பள்ளி நாட்களில் குண்டு எறிவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. 'பீரங்கி' என்றுதான் ஊரே கூப்பிட்டது. ஆறு கோப்பைகள் வாங்கினாள். எல்லாம் கை வலிக்கிற கனம். எந்தப் புண்ணியவானின் யோசனையோ, அவள் பெயரையும் எறிந்த தூரத்தையும் முன்பக்கம் விட்டுவிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் பொறித்திருந்தார்கள்.

பிறகு அக்கா நகரத்துக்கு வந்து பார்சல் கிடங்கில் சுமை தூக்கினாள். இன்று அங்கே மேற்பார்வையாளர். சொந்தமாக ஒரு சின்ன வீடும் வாங்கிவிட்டாள். கூடத்துச் சுவரில் கட்டியவர்கள் விட்டிருந்த மாடத்தைப் பார்த்த உடனே, "இது என் கப்புக்குடா" என்றாள்.

கோப்பைகள் ஊரில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. போனை வைக்கும் முன் அக்கா தவறாமல் கேட்பாள்: "கப்பெல்லாம் பத்திரமா இருக்காம்மா?"

"துணி சுத்தி வச்சிருக்கேன்டி. கால் முளைச்சு ஓடியா போயிடும்?"

மாடத்துக்குத் தட்டு வாங்கப் போனபோது அம்மாவும் வந்திருந்தாள். கோப்பைகளைக் கொண்டுவரவில்லை. பஸ்ஸில் அவ்வளவு கனத்தை எப்படித் தூக்குவது என்றாள். நியாயம்தானே?

கடையில் அக்கா மரத்தூள் பலகை ஒன்றை இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நின்றாள். பலகை தொட்டில் மாதிரி வளைந்தது.

கடைக்காரர் பதறினார். "ஏம்மா, வைக்கப்போறது கப்பா, நீங்களா?"

"ரெண்டும் ஒரே எடைதாண்ணே."

கிரானைட் அந்தச் சுவருக்குப் பாரம் என்று அவரே சொன்னார். நான் பிளைவுட் என்றேன்.

"படிச்சவரு சொல்லிட்டாரு" என்று சிரித்தாள் அக்கா. "டேய், கீழ உக்காந்து அண்ணாந்து பாத்தா பேரு தெரியணும். பலகை மறைச்சிடுமே."

கனத்த கண்ணாடி என்று முடிவானது. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். "இதுதான்டி சரி. உன் கப்பு பளபளன்னு நிக்கும்."

தட்டுகள் பொருத்தி, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டாகிவிட்டது. அக்காவும் நானும் ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே பழைய போர்வைகள் மட்டும்.

"உங்க மாமா எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா, போர்வையை மடித்தபடி. "அவனோட கிளப்புல பசங்களுக்குப் பிரைஸ் குடுக்கணும்னான். சும்மாதானே கெடந்துச்சு."

"எப்போ?"

"நீ வேலைக்குப் போன வருஷம்."

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "கண்ணாடி பாக்கறப்போ நீயும்தானேம்மா பக்கத்துல நின்ன? பளபளன்னு நிக்கும்னியே?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்த. அப்போ எப்படிச் சொல்றது? இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? தம்பி பட்டம் வாங்கறப்போ கவுன் போட்டு எடுத்த போட்டோவை வை. அளவாத்தான் இருக்கும்."

அந்தப் படத்தை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், காட்டுகிறவன் நான். அன்று அது எரிந்துபோயிருக்கக் கூடாதா என்றிருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டால், "பழசுதானேம்மா? தேய்ச்சு வேற பேரு போட்டுக் குடுத்தாச்சு" என்றார் உற்சாகமாக.

அடுத்த முறை அம்மா நகரத்துக்கு வந்தபோது அக்கா குறையொன்றும் வைக்கவில்லை. காபி கொடுத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், மாடத்துக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மேலே வெறும் கண்ணாடித் தட்டுகள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, லைட்டெல்லாம் போட்டு காலியா வச்சிருக்கீங்க?"

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அம்மாகிட்ட கேளுங்கக்கா. அவங்களுக்குத்தான் தெரியும்."

ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் அண்ணாந்து காலித் தட்டுகளைப் பார்த்தேன்.