மதிலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவீடு

இந்த மலையாள ஊர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எங்கள் களக்காட்டுப் பக்கம் யார் தும்மினாலும் ‘நூறு’ என்போம். நூறு வயது இருக்கட்டும் என்று அர்த்தம். பன்றிக்காய்ச்சல் செய்தி பேப்பரின் முதல் பக்கத்துக்கு வந்த அந்த வருஷம், கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் கைக்குட்டைக்குள் தும்மினார். என் வாய் சும்மா இருக்குமா? ‘நூறு’ என்றேன். அவர் பதறிப்போய்த் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் நூறு டிகிரி என்று நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருக்கிறார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எங்கள் ஸீட்டைச் சுற்றி நல்ல காற்றோட்டம்.

அப்போது நான் ஆரியசாலையில் ஒரு மிளகாய் வற்றல் மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் நம்மூர்க்காரர்கள், கடைக்குள் இருக்கிற வரைக்கும் நான் ஊரை விட்டு வந்த ஞாபகமே இருக்காது. சாயங்காலம் மணக்காட்டுச் சந்துக்குள் நுழையும்போதுதான் அது வரும். ஓடு போட்ட வீடுகள், எல்லா வீட்டையும் சுற்றி மதில், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுப் பலாமரம். எங்கள் களக்காட்டுத் தெருவில் ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுச் சுவரும். ராத்திரி யார் இருமினார்கள் என்பது தெருவுக்கே தெரியும். இங்கே மழை பெய்தால் ஒவ்வொரு வீடும் தனித்தனித் தீவு. என் மனைவி கோமதிக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. ஏழாம் மாதம் பிறக்கட்டும், பிறந்தவீட்டுக்குப் போய்விடலாம் என்று அந்த ஒரே நினைப்பில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். புகுந்த வீட்டில் வளைகாப்பு நடத்தி, அன்றைக்கே பெண்ணைப் பிறந்தவீட்டுக்காரர்கள் அழைத்துக்கொண்டு போவார்கள். வளையல் போட்ட கையோடு அவள் புருஷன் வீட்டில் தூங்கக்கூடாது. கோமதியின் அண்ணன் வேன் பேசி வைத்திருந்தார். அவள் அம்மா, அதாவது என் அத்தையும் சொந்தக்காரர்களும் வந்து, வளையல் போட்டு, சாப்பிட்டுவிட்டு, அவளோடு களக்காட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அதற்குள் கர்ப்பிணிகள்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேனில் இத்தனை பேரா, காரில் அத்தை மட்டும் வந்தால் போதாதா என்று தினமும் போனில் பஞ்சாயத்து நடந்தது.

வற்றல் கடையில் வேலை பார்க்கிறவன் தும்முவது ஒரு சங்கதியே இல்லை. சாக்கைப் பிரித்தால் முதலாளி முதல் கல்லாவில் இருப்பவர் வரை வரிசையாகத் தும்முவோம். அந்த வருஷம் மலையாளி வியாபாரிகள் வாசலில் நின்றே விலை கேட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சளி பிடித்ததும் அப்படித்தான் தெரியாமல் போயிற்று. நெடி என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கோமதி கையால் வாங்கிச் சாப்பிட்டு, அவள் பக்கத்திலேயே படுத்தேன். உடம்பு தீயாய்க் கொதித்த பிறகுதான் இது மிளகாய் வேலை இல்லை என்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் தொண்டையிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பினார்கள். முடிவு தெரியும்வரை தனி அறையில் இரு, மனைவியை உன்னிடமிருந்து தள்ளி வை என்றார்கள். எங்கள் வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. எங்கே தள்ளி வைப்பது?

களக்காட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து மச்சானுக்குப் போன் போட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“மாப்ள, தப்பா நெனச்சிராதிய. வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு. இப்பம் கோமதிய அனுப்ப வேண்டாம். நாங்களும் வரல.”

அவருக்குக் குழந்தை பிறந்து அப்போதுதான் தொட்டில் கட்டியிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோமதி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணன் வைத்த பிறகும் அப்படியே நின்றாள். அழவில்லை. “எங்க அம்மா போன வாங்கிப் பேசவே இல்ல, பாத்தியளா” என்றாள். காய்ச்சலைவிட அதுதான் எனக்கு எலும்பில் ஏறியது. பெற்ற வீடே கதவைச் சாத்திவிட்டால் வயிற்றுப்பிள்ளைக்காரி எங்கே போவாள்?

நான் செய்தது இவ்வளவுதான். கடை மூட்டைக்காரரிடம் சொல்லி வேப்பிலைக் கொத்து கொண்டுவரச் செய்து, வாசல் நிலையில் செருக வைத்தேன். நம்மூரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் அதைப் பார்த்தால் தபால்காரர்கூடப் படியேற மாட்டார். அந்த வீட்டுக்காரர்களும் தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே போக மாட்டார்கள். இது அம்மை இல்லை என்று கோமதி முணுமுணுத்தாள். எதுவாக இருந்தாலும் யாரும் உள்ளே வராமல் இருந்தால் சரி என்று போய்ப் படுத்துவிட்டேன்.

மணக்காட்டில் யாருக்கு வேப்பிலையின் அர்த்தம் தெரியும்? பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி, பணி ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, வாசலில் தழையைப் பார்த்ததும் எங்களுக்கு ஏதோ பண்டிகை என்று நினைத்து நேரே உள்ளே வந்துவிட்டார். என்ன விசேஷம் என்று அவர் கேட்டது அறைக்குள் என் காதில் விழுந்தது. வராதீர்கள் என்று கத்த நினைத்தேன், இருமல்தான் வந்தது. அதன்பிறகு வெளியே கோமதியின் குரல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அம்மா போனில் பேசாததையும் சேர்த்து. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

சேச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியிருக்க வேண்டும், குரல் அமுங்கிக் கேட்டது. அவருடைய மகன் கல்ஃபில் இருக்கிறான், ஓணத்துக்கு வர டிக்கெட் எடுத்திருந்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் அறையைச் சுத்தம் செய்து, புது விரிப்பு போட்டு, அதைக் கோமதியிடம் காட்டியும் இருந்தார்.

“அவனோடு வரண்டா எந்நு ஞான் தன்னெயா பறஞ்ஞது” என்றார். வராதே என்று அவனிடம் நானேதான் சொன்னேன் என்கிறார். “சினேகம் இல்லாஞ்ஞிட்டல்ல மோளே.”

அன்பு இல்லாமல் சொன்னதில்லை, மகளே. வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மகனுடைய அறை சும்மா கிடக்கிறது, வா என்று சேச்சி கூப்பிட்டார். கோமதி தயங்கினாள். ஏழாம் மாதத்தில் வெறுங்கையோடு புருஷன் வீட்டு வாசலைத் தாண்டுவது எப்படி? அதைப் புரிய வைக்க அவள் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் திண்டாடினாள். கையைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள். சேச்சி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். சாலைக் கடைத்தெருவிலிருந்து கண்ணாடி வளையல்களோடு நனைந்து திரும்பினார். பிறகு, உன் அம்மாவைக் கூப்பிடு, எனக்கு உங்கள் முறை தெரியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அத்தை இந்தமுறை போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சுமட்டும் முதலில் வந்தது. பிறகு, “வலது கையில ஒண்ணு கூடுதலாப் போடச் சொல்லுட்டீ” என்றார். காய்ச்சல் மயக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வளையலாக ஏறுகிற சத்தம். கோமதி கையைப் போன் பக்கத்தில் கொண்டுபோயிருக்க வேண்டும். சத்தம் திடீரென்று இரண்டாகக் கேட்டது. களக்காட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அறை மெதுவாக மிதந்தது. நான் எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அப்புறம் சத்தம் வாசலுக்குப் போய், மதிலைச் சுற்றி, பலாமரத்தடி வழியாக அடுத்த வீட்டுக்குள் போயிற்று.

சாம்பிள் முடிவு வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானாம். கோமதிக்கும் ஒன்றுமில்லை. ஓமனச் சேச்சி மதில் வழியாக எனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, இனி சோறு என்றார். விஷயம் தெரிந்ததும் மச்சான் கோமதியைக் கூப்பிட்டு, நாளைக்கே கார் கொண்டுவருகிறேன், புறப்படத் தயாராக இரு என்றாராம். அவள் வளையலைத் தடவிக்கொண்டே சொன்ன பதிலை எனக்கு மதிலருகே நின்று திரும்பச் சொன்னாள்:

“வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு வந்தாச்சுண்ணே. இனி பிள்ளையோடதான் இந்த வாசல விட்டு எறங்கணும்.”

கோபத்தில் சொன்னாளா என்று கேட்டேன். முதலில் கோபம்தான், சொல்லி முடித்தபோது கோபம் இல்லை என்றாள். களக்காட்டில் அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம்தான் எனக்கு. பெண் பிறந்தவீட்டையே அறுத்துவிட்டாள் என்று பேச்சு வந்தால்?

கார் வரவில்லை. அத்தை வந்தார், தனியாக, பஸ் பிடித்து. இருட்டுக்கடை அல்வா, சீர் என்று கைநிறைய எதுவும் இல்லை. ஒரு தூக்குச்சட்டியில் பணியாரமும் தோளில் ஒரு துணிப்பையும். என் வீட்டுப் படியேறாமல் ஓமனச் சேச்சி வீட்டைக் கேட்டுப் போய்விட்டார் என்று கடையிலிருந்து வந்தபோது தெரிந்தது.

முறைப்படி நான் இப்போது மாமியார் வீட்டுக்குப் போக வேண்டிய மருமகன். முகம் கழுவி, வேட்டி மாற்றி, ஒரு சீப்பு ஏத்தன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷம் மதில் மேலாகப் பேப்பர் வாங்கிப் படித்த வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே இரண்டு பாஷையில் ஒரே சமையல் நடந்துகொண்டிருந்தது. தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா என்று சண்டை. செருப்புச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள். “வாங்க மாப்பிள்ளை” என்றார் ஒருவர். “கேறி வா மோனே” என்றார் இன்னொருவர். யாரை முதலில் பார்ப்பது, பழத்தை யார் கையில் கொடுப்பது என்று விளங்காமல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன்.

“அத்தை” என்றேன். இரண்டு பேரும் நகர்ந்து வழிவிட்டார்கள்.