பேர், ஊர், பாரம்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும்தான்.

முன் சீட்டில் ஒரு அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு எதையோ கேட்டுக்கொண்டு வந்தார். இந்தக் காலத்தில் பஸ்ஸில் ஸ்பீக்கர் போடாதவர் யார்? நான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்தக் குரல்... எனக்குத் தெரிந்த குரல்.

எங்கள் எஸ்தர் அக்கா.

திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்துபவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய என்னையும் உட்காரவைத்து, சோறு போட்டு, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் குரல் பஸ்ஸுக்குள் அழுதுகொண்டே ஜெபித்தது.

“ஆண்டவரே, ஒலக்கூர் பக்கத்துல, மேட்டுத் தெரு வசந்தி சிஸ்டர நெனச்சருளும் அப்பா. ஏழுமலையோட மனைவி, அப்பா. புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாம உம்மத் தேடுறாங்க. ரெண்டு தடவ கலைஞ்சிடுச்சு. இப்ப மறுபடியும் உண்டாயிருக்காங்க. இந்தக் கர்ப்பத்தக் காத்துக்கொள்ளும் ராஜா...”

முன் சீட்டு அம்மா கண்ணை மூடி “ஆமென்” என்றார். நான் முன்னால் குனிந்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபித்தாலும் பேர், ஊர், பாரம் மூன்றையும் சொல்ல வேண்டும். பாரம் என்றால் அவர்கள் நெஞ்சை அழுத்தும் கஷ்டம். விலாசம் இல்லாத கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பார் அக்கா. தையல் மெஷினுக்குப் பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து ஜெபித்தவரைக்கும் அது சரி. இப்போது அந்த அறை வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டது. அங்கே சாத்துவதற்குக் கதவு இல்லை.

இதை யார் அனுப்பியது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். செஞ்சியில் இருக்கும் நாத்தனாராம். எஸ்தர் அக்காவையும் தெரியாது, வசந்தியையும் தெரியாது.

“பாவம்ங்க அந்தப் பொண்ணு. நானும் நாலு பேருக்கு அனுப்பிக்கினுதான் வர்றேன்” என்றார்.

நல்ல மனசு. பயமே அதில்தான் இருந்தது.

வசந்தி ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள். அன்று பின்னறையில் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நின்றே கேட்டாள். அப்புறம் உள்ளே வந்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் தைக்கக் கொடுக்க ஏதாவது ஒரு துணி அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு தடவையும் நாள் தள்ளியவுடனே வீட்டில் சொல்லிவிட்டாள். மாமியார் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார். கலைந்த பிறகு அதே தெரு அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதனால் இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை புருஷனிடம்கூட மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தாள். கடவுளிடம் மட்டும் சொன்னாள்.

எங்களிடமும் சொன்னாள்.

அவளுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அக்காவுக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

“அய்யோ பிரதர்... நம்ம குரூப்புலதான போட்டேன். ஜெபந்தான பிரதர்?”

உடனே அழித்துவிடுவதாகச் சொன்னார். அழித்தும் விட்டார். ஆனால் செஞ்சி நாத்தனாரின் போனில் இருப்பதை யார் அழிப்பது? நேராக வசந்தி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். தானும் கிளம்பி வருவதாகச் சொன்னவரை வேண்டாம் என்றேன். இரண்டு பேராகப் போய் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

நான் செங்கல் சூளையில் வேலை பார்த்திருக்கிறேன். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, டீயே சாப்பாடாக இருந்த காலம் உண்டு. துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போய் அடியும் வாங்கியிருக்கிறேன் — என் முன்பல் ஒன்று காணை கிராமத்துப் பக்கம் ஒரு வரப்பில்தான் கிடக்கிறது. அதெல்லாம் நடந்தது, முடிந்தது. என் மேல் விழுகிற அடி, விழுந்தவுடன் தீர்ந்துவிடும். என் ஆட்களால் இன்னொருத்தி மேல் விழப்போகிற அடி இருக்கிறதே... அது தீராது. அதுவும் அவள் இருக்கிற நிலையில்.

பஸ்ஸில் ஜெபிக்கப் பார்த்தேன். ‘அவள் வீட்டார் காதில் விழக்கூடாது’ என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஒரு ஜெபம் யார் காதிலும் விழக்கூடாது என்று இன்னொரு ஜெபம்! கேட்கிறவர் என்ன நினைத்திருப்பாரோ?

திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். மேட்டுத் தெருவில் ஏழுமலை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிடுங்கிப்போட்ட மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகள் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

“தையக்கட ஆளுங்களா நீங்க?”

ஆமாம் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். அக்காவின் குரல். முழுவதையும் என்னைக் கேட்கவைத்தார், கடைசி ஆமென் வரைக்கும். மறைமலைநகரில் கம்பெனி வேலையில் இருக்கும் அத்தை மகன் அனுப்பியதாம். கூடவே ஒரு கேள்வியும்: இது உன் பொண்டாட்டியாடா?

“தம்பி... வசந்தி எங்கே?” என்று கேட்டேன்.

ஒரு செடியை எடுத்து மண் போக உதறினார்.

“எம் பொண்டாட்டி முழுகாம இருக்கறது உங்க சாமிக்குத் தெரியுது. உங்க அக்காவுக்குத் தெரியுது. மறைமலைநகர்ல இருக்கறவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. நான் யாருங்க?”

வேதம் நன்றாகப் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ. நான் தப்புதான் என்றேன்.

உள்ளேயிருந்து வசந்தி வந்து நிலைப்படியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. என் கண் முதலில் அவள் கன்னத்துக்குப் போனது, பிறகு கைக்கு. காயம் ஏதுமில்லை. அழுத வீக்கம்தான். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த நிம்மதி அதிக நேரம் நீடிக்கவில்லை.

“உங்ககிட்ட சொன்னா சாமிகிட்ட சொன்ன மாதிரின்னு நெனச்சிக்கினு இருந்தேண்ணே” என்றாள்.

அவள் புருஷன் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஏழுமலை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் தணிந்தது.

“எங்கம்மா கொல்லியில மல்லாட்ட புடுங்கப் போயிருக்குது. அது வர்றதுக்குள்ள ஜல்தியா பண்ணிட்டுப் போங்க.”

எனக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டேன்.

“அதான்... நீங்க பண்றது. ரெண்டு தடவ கலைஞ்சதப் பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாதுங்க. ஆனா சத்தம் வெளிய வரக்கூடாது. அதுக்குத் தெரிஞ்சா இவள இங்க வெக்காது.”

அவரே எழுந்து, எங்களை உள்ளே விட்டு, தானும் வந்து கதவைச் சாத்தினார்.

எனக்குச் சத்தமில்லாமல் ஜெபிக்கத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் விசுவாசத்தைக் குரலை வைத்துத்தான் அளப்பார்கள். அன்று உதடு மட்டும் அசைந்தது. பாதியில் வெளியே செருப்புச் சத்தம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. ஆமென் சொன்னதுகூட மனசுக்குள்தான்.

ஏழுமலை விசுவாசியாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். அவர் பயந்துபோன ஒரு புருஷன், அவ்வளவுதான். நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஜெபித்தால்தான் சுவிசேஷம் பரவும் என்று சொல்கிறோம். சரிதான். ஆனால், நம்பிச் சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தெரியாத நாம் அறிவிக்கிற கடவுளை யார் நம்புவார்கள்?

அவளுக்கு மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. மாமியார் காதுக்கு இன்னும் எட்டவில்லை. அந்த ஆடியோ எந்த போனில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ! பஸ்ஸில் யாராவது ஸ்பீக்கர் போட்டால் இப்போதும் திடுக்கிடுகிறது.

அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பேர், ஊர் எல்லாம் மாற்றியிருக்கிறேன். நீங்கள் ஜெபிக்கிறவராக இருந்தால் அவளுக்காக ஜெபியுங்கள், சத்தமில்லாமல்.

விலாசம் அவருக்குத் தெரியும்.