உச்சமுனையில் ‘வழமையான பராமரிப்பு’

1. இயந்திரத்தின் மேல் பழி

ஆராய்ச்சி வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வீடு வீடாகப் போய்ப் பிரஷர் அளப்பதுதான் என் தொழில், ஆனால் பெரிய நம்பரைக் கண்டால் என் கைதான் முதலில் நடுங்கும். பல் வைத்தியருக்கு வாயைக் கண்டால் மயக்கம் வருவது மாதிரி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். பிறகு சொல்லப்போவதில் சிரிப்புக் குறைவு.

அது நோன்பு மாதம். கற்பிட்டிக் கரையிலிருந்து வள்ளத்தில் உச்சமுனைத் தீவுக்குப் போயிருந்தேன். எங்கள் பட்டியலில் உள்ள ரைஹானா கருவாடு காயப்போட்டுவிட்டு வந்து, கை கழுவி, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். புருஷன் கடலுக்குப் போகிறவர், இவர் கருவாடு போடுகிறவர். கையில் பட்டியைக் கட்டி பட்டனை அழுத்தினேன். மேல் நம்பர் இருநூறைத் தாண்டி நின்றது.

விதிப்படி, சற்று ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அளந்தேன். இறங்கவில்லை. மூன்றாம் தடவையும் அப்படியே.

“என்ன நானா, முகம் வெளுக்குது? வருத்தம் எனக்கா உங்களுக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“மெஷின் பழுதுபோல இரிக்கு.”

“அப்ப உங்கட கையில கட்டிப் பாருங்களேன்.”

பேச்சுக்குச் சொன்னதை நான் நிசமாகவே செய்தேன். என் நம்பரும் ஏறித்தான் நின்றது. இயந்திரத்தில் பழுதில்லை, இரண்டு மனிதர்களிலும் பழுது.

“யா அல்லாஹ்! என்னைப் பாக்க வந்த ஆளை நான் பாக்கவேண்டிக் கிடக்கே. தண்ணி தருவம் எண்டா நோன்பு. இந்த நிழலுக்கு வந்து குந்துங்க” என்றார்.

நிழலில் குந்திக்கொண்டு, உத்தியோகத்தைக் காப்பாற்றுகிற குரலில் கேட்டேன்: “பிரஷருக்குக் குளிசை ஏதும் போடுறீங்களா?”

“போடாம? இரிங்க, காட்டுறன்.”

குசினிக்குள் போய், கத்தரியால் பாதியாக வெட்டிய ஒரு மாத்திரை மட்டையைக் கொண்டுவந்தார். அதில் எங்கள் திட்டத்தின் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆராய்ச்சியில் இரண்டு இடங்கள். கரையில் உள்ள ஓர் ஊரில், மாதாமாதம் நாங்கள் வீட்டுக்கே போய் அளந்து, எங்கள் டொக்டர் எழுதும் குளிசையைக் கொடுப்போம். உச்சமுனையில் அளப்போம், அவ்வளவுதான். கூடுதலாக இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுப்போம். இதற்குத் திட்ட ஆவணத்தில் ‘வழமையான பராமரிப்பு’ என்று பெயர். வீட்டுக்குப் போய்க் கவனித்தால் பிரஷர் உண்மையில் குறைகிறதா என்று இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. கேள்வி நல்ல கேள்விதான். எங்கள் பச்சை ஸ்டிக்கர் மட்டும் இந்தத் தீவில் இருக்கக் கூடாது.

“இது எங்கால வந்த?”

“அக்கரையில இரிக்கிற எங்கட சஃபியா ராத்தா அனுப்பினா. நோன்பு திறக்க வள்ளத்துல சட்டி வரும்தானே, கஞ்சியோட இதுவும் வரும். நான் மீன் அனுப்புவன்.”

“நோன்பிலதான் தொடங்கினதா?”

“இல்ல நானா. ராத்தாக்கு நீங்க குடுக்கத் தொடங்கின நாள்ல இருந்து.”

“அப்ப ராத்தா என்னத்தைப் போடுறா?”

“அவ ஒருநாள், நான் ஒருநாள். அவ போடாத நாள் நான் போடுவன். ஆருக்கும் அநியாயமில்ல.”

எங்கள் ஒபிசில் பல மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விஷயம் இதுதான். கரையூரில் இவருடைய அக்கா சஃபியா குளிசை போடுகிறார், வெற்று மட்டையை ஒழுங்காகக் காட்டுகிறார், பிரஷர் மட்டும் இறங்கவில்லை. டொக்டர் குளிசையின் அளவைக் கூட்டினார். கூட்டிய குளிசையும் வள்ளமேறி வந்தது. கஞ்சியையும் வட்டிலப்பத்தையும் பங்கிடுகிற மாதிரி இரண்டு பெண்கள் ஒரு நோயாளியின் மருந்தைப் பங்கிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஆளுக்கு அரைவாசி சுகம் என்று நம்பிக்கொண்டு, முழு ஆபத்தில் இருந்தார்கள்.

“நான் தந்த கடிதத்தைக் கொண்டு கிளினிக் போகேலியா?”

“போனன். வரிசை நம்பர் முடிஞ்சாம். திரும்பியும் போனன். திரும்பியும் முடிஞ்சாம்.”

அந்த வசனம் என் காதுக்குள் போனது, மூளைக்குப் போகவில்லை. மூளை அப்போது என் வேலை போகப்போகிறதே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

2. ரிஸ்வான் சேரின் சொல்

எங்கள் ஒபிஸ் பாலாவிச் சந்தியில் ஒரு மாடி. கீழே சீமெந்து லொறி போனால் மேலே கோப்பை குலுங்கும். இணைப்பாளர் ரிஸ்வான் சேர் என்னைவிட வயதில் நன்றாக இளையவர். கெட்டிக்காரர். கொழும்பிலிருந்து வந்தவர், உப்புக் காற்று அவருடைய லெப்டொப்புக்கு ஆகாது என்று ஜன்னலைத் திறக்கமாட்டார்.

பயந்தவன் செய்வதையே நானும் செய்தேன். வள்ளத்திலிருந்து இறங்கிய காலோடு அவருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் உளறிவிட்டேன். நான் போய்ச் சேரும்போது அவர் முடிவே எடுத்து வைத்திருந்தார்.

“நிசாம் பாய், இது கொன்டாமினேஷன்.”

“என்ன சேர்?”

“ரெண்டு ஊரும் கலந்துட்டுது. டேட்டா பழுதாகும். ரெண்டு பேரையும் ஸ்டடியில இருந்து எடுங்க.”

“எடுக்கிறன் சேர். சஃபியாட குளிசை?”

“ஸ்டடியில இல்லாத ஆளுக்கு ஸ்டடி மருந்தை எப்படிக் குடுக்கிற? கையில இரிக்கிற மட்டை முடிய நிப்பாட்டுங்க.”

“சேர், அந்த மனுசிக்குப் பிரஷர் கூட. தங்கச்சிக்கு அதைவிடக் கூட. நிப்பாட்டினா ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல. நாளைக்கு ஒராள் வாய் கோணி விழுந்தா?”

“அதுக்குத்தானே யூஷுவல் கெயார் இரிக்கு, வழமையான பராமரிப்பு. கிளினிக் போகச் சொல்லுங்க.”

நான் மேசையில் அடித்தேன் என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. “சரி சேர்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி, கீழே நின்ற லொறியின் டயரை உதைத்தேன். டிரைவர் சிங்களத்தில் ஏசினார். கால் பெருவிரல் வீங்கியது. என் வீரம் அவ்வளவுதான்.

ஆனால் கோபம் வீக்கத்தோடு வடியவில்லை. ஒரு பெண் தன் உயிரில் பாதியை வெட்டித் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறாள். அது செய்யக் கூடாத காரியம்தான், வைத்தியத்தில் மகா பிழைதான். ஆனால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் கலப்படம், கொடுத்த தண்டனை மருந்தை நிறுத்துவது. ஆராய்ச்சி நோயைத் தடுக்கவாம்!

அன்றே சஃபியாவின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைக் கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டினார்.

“உங்களை ஆரு சொல்லச் சொன்ன? வாயில பூட்டில்லியா?”

“ராத்தா, நீங்க முழுசாப் போட்டிருக்க வேணும். அரைவாசி போட்டா ரெண்டு பேருக்கும்...”

“ஒரு உம்மாட வயித்துல பிறந்தவள் அங்க தலை சுத்தித் திரிய, நான் இஞ்ச முழுக் குளிசை விழுங்குறதா? உங்கட சேருக்குக் கூடப்பிறந்த ஆக்கள் இல்லியா?”

“இரிக்கிறாங்களாம். எல்லாரும் கொழும்பில.”

சஃபியா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக். மட்டை அதற்கு மேல் தாங்காது. அக்காவும் தங்கச்சியும் அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்கில் பதிந்து, ஆளுக்கொரு பதிவுக் கொப்பியும் ஆளுக்கொரு மாத மருந்தும் எடுத்தாக வேண்டும். சஃபியா விடியமுந்தியே போய் வரிசையில் நிற்பதென்றும், நான் தீவுக்குப் போய் ரைஹானாவைக் கூட்டிவருவதென்றும் பேச்சு.

3. செவ்வாய்க்கிழமை

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வள்ளம் ஏறினேன். காற்று எதிர்க்காற்று. நான் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். வள்ளக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நானா, நீங்க இறுக்கிப் பிடிச்சாப்போல அது ஆடாம நிக்காது. கொஞ்சம் விடுங்க, பலகை பாவம்.”

ரைஹானா தயாராக நின்றார். கூடவே வேறு மூன்று பேரும் கிளினிக்குக்கு என்று ஏறினார்கள். அதில் ஒருவர் வயசாளி, சர்க்கரை வியாதிக்காரர், காலில் துணி சுற்றியிருந்தது. காற்றில் வள்ளம் இழுபட்டது. நான் மணியைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை. பார்த்துப் பழகி அலுத்தவர்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். அங்குள்ளவர்கள் கெட்டவர்கள் இல்லை. இருக்கிற டொக்டர்மார் எத்தனை பேரைப் பார்க்க முடியுமோ அத்தனை நம்பர் கொடுக்கிறார்கள். ஆனால் நம்பர் கொடுப்பது விடியற்காலை. முதல் வள்ளம் கரைக்கு வருவது அதற்குப் பிறகு. வருஷம் முழுக்க, ஒவ்வொரு செவ்வாயும், அப்படித்தான். கடல் கடந்து வருகிற ஒருவருக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் நின்று பார்க்கவும் இல்லை. நானும்தான், எத்தனை கடிதம் கொடுத்திருக்கிறேன்!

சஃபியா வாசலில் நம்பர் துண்டைக் கையில் பொத்திக்கொண்டு நின்றார். “எனக்குத் தந்துட்டாங்க. தங்கச்சிக்கும் கேட்டன். ஆளைக் காட்டு எண்டாங்க.”

மேசையில் இருந்த ஊழியர் தலை நிமிராமல் சொன்னார்: “நம்பர் முடிஞ்சு. வாற செவ்வாய் வாங்க.”

“வாற செவ்வாயும் வள்ளம் இந்த நேரத்துக்குத்தான் வரும்” என்றேன்.

“அதுக்கு நான் என்ன செய்ற? வேளைக்கு வாங்க.”

“வேளைக்கு எப்படி வாற? நீந்தியா?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வரிசையே திரும்பியது. அப்போதுதான் அவர் என் கழுத்தில் தொங்கிய திட்ட அட்டையைப் பார்த்தார். முகம் மாறியது, கதிரை பின்னால் நகர்ந்தது.

“சேர் புரொஜெக்டா? முதல்லயே சொல்றதுதானே. வாங்க, உள்ளுக்கு வந்து இரிங்க.”

“எனக்கில்ல. இவவுக்கு.”

“அவவுக்கு நம்பர் இல்லியே சேர்.”

“எனக்கும்தான் நம்பர் இல்ல.”

“நீங்க சேர்தானே.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! அறைந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. ரைஹானா பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னார்: “போங்க நானா. வந்ததுக்கு உங்கட பிரஷரையாவது காட்டிட்டு வாங்க.”

எனக்கு மூளை கொதித்தால் முட்டாள்தனமான யோசனைதான் வரும். அட்டையைக் கழற்றி ரைஹானாவின் கழுத்தில் மாட்டினேன். படத்தில் என் மீசை. “இப்ப இவதான் சேர். உள்ளுக்கு விடுங்க” என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. “மீசை நல்லாப் பொருந்துது!” என்று ஒரு கிழவி கத்தினாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு நேர்ஸ் வந்து, “இது ஆஸ்பத்திரியா சந்தையா?” என்று என்னை ஏசினார். ஏசட்டும். நான் ரைஹானாவுக்கு எழுதிய கடிதத்தை நீட்டினேன். அதில் இருந்த பிரஷர் நம்பரைப் பார்த்ததும் ஏச்சு நின்றது. ரைஹானாவின் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப் போனார்.

அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு கொப்பியோடும் ஆளுக்கொரு மாத மருந்தோடும் வெளியே வந்தார்கள். இரண்டு பேரிடமும் நான் கைகூப்பாத குறையாகச் சொன்னேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று, பங்கு வேண்டாம் என்று. சஃபியா, “இனி என்னத்துக்குப் பங்கு? அவளுக்கு அவளிட இரிக்குதானே” என்றார். அவர்களுக்கு விளங்கக் கஷ்டமான விஷயம் அதில் எதுவுமே இருக்கவில்லை.

மற்ற மூன்று பேரும்? காலில் துணி சுற்றிய அந்த மனிதர் நம்பர் இல்லாமல் நொண்டி நொண்டி வள்ளத்துக்குத் திரும்பிப் போனார். அவர் எங்கள் ஆராய்ச்சியில் இல்லை. அவருக்கு மாட்ட என்னிடம் வேறு கழுத்தட்டையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ரிஸ்வான் சேர் அறிக்கையை வாசித்தார். இருவர் நீக்கப்பட்டனர், காரணம் கொன்டாமினேஷன். உச்சமுனையில் வழமையான பராமரிப்புத் தொடர்கிறது. நான் கை தூக்கினேன். கை நடுங்கியது, இறக்கவில்லை.

“சேர், உச்சமுனையில வழமையான பராமரிப்பு எண்டு ஒண்டு இல்ல. இல்லாததோட ஒப்பிட்டா நாங்க கட்டாயம் வெல்லுவம்தான்.”

“பாய், அது எங்கட ஆராய்ச்சிக் கேள்வியில்ல.”

“அப்ப கேள்வியை மாத்துங்க. இல்லாட்டி நம்பர் குடுக்கிற நேரத்தை மாத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதுங்க. வள்ளம் வந்த பிறகு பத்து நம்பர் வைக்கச் சொல்லுங்க. அதுக்கு ஆராய்ச்சி தேவையில்ல, மணிக்கூடு போதும்.”

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கடிதத்தை நானே எழுதினேன், நேர்ஸிடம் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டால் மேசைக்காரர் இப்போது கதிரையை நகர்த்துவதில்லை, எழும்பி உள்ளே ஓடுகிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு ஊருக்கு ‘வழமையான பராமரிப்பு’ என்று யாராவது எழுதித் தந்தால், அதன் கீழே கையெழுத்து வைக்குமுன் அந்த வரிசையில் ஒருநாள் நின்று பாருங்கள். அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு நில்லுங்கள். நம்பர் முடிந்ததும் யார் யார் திரும்பிப் போகிறார்கள் என்று முகம் முகமாகப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் பிரஷர் ஏறவில்லை என்றால், இந்த வேலை உங்களுக்குச் சரிவராது.