கையை எடுக்காத ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணி 35 நிமிடம். றக்வான மலையில் மூன்றாம் நாளாக விடாத மழை. அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்து முருகையா என் வீட்டுக் கதவை உதைத்துப் பிளந்தான்.

சகோதர சகோதரிகளே, எனக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஆட்களையும் கொழுந்துக் கூடைகளையும் எண்ணியவன். ஆகவே நான் சொல்லும் எண்களில் பிழை இருக்காது.

என் ஒரே மகள் எஸ்தர் சீனாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்து வந்தாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே பரீட்சை எழுதி, நேர்முகத்திலும் தேறினால்தான் பதிவு கிடைக்கும். பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். எழுத்துப் பரீட்சையில் இரண்டாம் தடவை தேறினாள். நேர்முகத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தினமும் நான் டை கட்டிக்கொண்டு மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து அவளிடம் கேள்வி கேட்பேன். மொத்தம் 214 கேள்விகள்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஊர் திரும்பிய வாரமே, ‘டொக்டர் எஸ்தர்’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டேன். நான்கு தலைமுறையாகத் தொழிலாளர் லயத்து அறையில் பிறந்த குடும்பம். மனம் கேட்கவில்லை.

“பதிவு வரலப்பா. கழட்டுங்க. யாராச்சும் போட்டோ புடிச்சு அனுப்புனா என் கத முடிஞ்சிரும்” என்று பதினொரு தடவை சொன்னாள்.

“பலகையா போயி ஊசி போடப்போகுது? சும்மா இரும்மா” என்றேன்.

அந்தப் பலகையை நம்பித்தான் முருகையா வந்தான். அவனும் தம்பி சிவாவும் ஓடைப் பக்கம் அனுமதியில்லாமல் மாணிக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சண்டையில் கூட்டாளி ஒருவன் சிவாவை, தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டான். அக்குள் ஓரத்தில் வெட்டு. தோளில் தூக்கி வந்த தம்பியை முருகையா என் மேசைமேல் கிடத்தினான். கேள்வித் தாள்களெல்லாம் இரத்தத்தில் ஊறின.

“தைங்க டொக்டரம்மா.”

“ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கண்ணே, இப்பவே” என்றாள் எஸ்தர். அதற்குள் அவள் மேசைவிரிப்பைச் சுருட்டி வெட்டுக்குள் திணித்து, முஷ்டியால் அழுத்திவிட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா குழி போச்சு. வெளிய போர்ட்டு மாட்டிக்கிட்டு உள்ள நியாயமா பேசுற?”

நான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். முழங்கையால் என் வாயில் அடித்தான். சுவரில் போய் விழுந்தேன். என் டையைப் பிடித்துத் தூக்கி, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து என் கழுத்தில் வைத்தான். வெட்கத்தோடு எழுதுகிறேன், அப்போது நான் கத்தியது: “தைச்சிரும்மா! தைச்சிரு!”

“மாட்டேம்பா. உள்ள பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு. மேல தோலத் தைச்சா உள்ளுக்குள்ளயே ஓடிச் செத்துருவான்.”

முருகையா கத்தியை ஓங்கினான். “இயேசுவே!” என்று அலறி, இறங்கிய கத்தியை இடது கையால் பிடித்தேன். சூடாக இருந்தது. வலி பிறகுதான் வந்தது.

எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வெட்டுங்கண்ணே. எங்கப்பாவ வெட்டுனா நான் கைய எடுத்துட்டு அவருகிட்ட ஓடுவேன். ரெண்டு நிமிசத்துல ஒங்க தம்பி போயிருவான். எது வேணும்?”

அவன் நின்றான். பிறகு ஜன்னல் கண்ணாடியை முஷ்டியால் உடைத்தான். பிறகு அழுதுகொண்டே ரோட்டுக்கு ஓடி, சுனிலின் முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்தான்.

சுனில் ஒரு நல்ல சிங்களப் பையன். இரத்தத்தைப் பார்த்து, “அனே தெய்யனே!” என்று கடவுளைக் கூப்பிட்டான். உடனே சிவாவைத் தூக்கக் கை கொடுத்தான். பின்னால் அண்ணனும் தம்பியும் எஸ்தரும். முன்னால் சுனிலோடு ஒட்டி நான், கையில் டையைச் சுற்றிக்கொண்டு.

பதினேழாவது வளைவில் வெட்டியவனின் ஆட்கள் மூன்று பேர் வழிமறித்தார்கள். அலவாங்குக் கடப்பாரையால் முன்கண்ணாடியில் அடித்தார்கள். சில்லுகள் என் மடியில் கொட்டின. சுனில் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நேரே விட்டான். ஒருவன் சேற்றில் உருண்டது தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் செய்த ஜெபத்தை மறைக்கமாட்டேன். “ஆண்டவரே, இந்த முருகையாவையும் அவன் தம்பியையும் எடுத்துக்கொள்ளும். என் பிள்ளையின் நேர்முகத்தை மட்டும் காப்பாற்றும்.” இப்படி நான்கு தடவை கேட்டேன்.

அப்போது பின்னாலிருந்து சிவாவின் குரல் ஈனமாக வந்தது. “அக்கா, போர்ட்டுல பீஸு எவ்வளவுன்னு போடலியே.”

“பேசாத, மூதேவி. செத்தா டபுள் பீஸு” என்றாள் எஸ்தர்.

எனக்குள் ஏதோ உடைந்தது. அவனுக்கு வயது இருபத்து நான்கு. அவன் பிறந்தபோது தோட்டத்துப் பதிவேட்டில் அவன் பேரை எழுதியவன் நான். “ஆண்டவரே, முதலில் கேட்டதைத் தள்ளிவிடும். இவன் பிழைக்க வேண்டும். என் மகள் கையைத் தளரவிடாதேயும். நேர்முகம் போனாலும் போகட்டும்” என்று ஜெபித்தேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் அவள் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தாதிமார் சேர்ந்து அவள் விரல்களை நிமிர்த்தினார்கள். சிவா பிழைத்தான்.

ஜூன் 20, வியாழக்கிழமை, கொழும்பு. நேர்முக அறையின் மேசையில் எங்கள் பலகையின் படம் கிடந்ததாம். பேர் போடாத மனு ஒன்று வந்திருந்தது. “இது என்ன?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“அப்பா மாட்டினார். நான் கழற்றியிருக்க வேண்டும், அது என் தப்பு. வைத்தியம் பார்க்கவில்லை. ஒரு காயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்” என்று நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஏன் தைக்கவில்லை? ஏன் மேலே கட்டுப் போடவில்லை? அக்குள் ஓரத்தில் கட்ட இடமில்லை என்று எப்படித் தெரிந்தது? நாற்பது நிமிடம் அதையே கேட்டார்களாம். என் 214 கேள்விகளில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

பதிவு கிடைத்தது. இன்று அவள் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி வைத்தியர். பலகையை நானே விறகாக்கிவிட்டேன். என்னை வெட்டியதற்காக முருகையா சிறையில் இருக்கிறான். மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்; சில நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

பிரியமானவர்களே, உங்கள் எதிரிலும் ஒரு கத்தி உயரலாம். அப்போது வாயில் முதலில் வருவது நல்ல ஜெபமாக இருக்காது. அதையும் அவரிடமே சொல்லுங்கள். நான் நான்கு தடவை கேட்டதைத் தராமல் விட்டார். ஒரு தடவை கேட்டதைத் தந்தார். அவரை நம்பிப் பாருங்கள்.

எனக்கு ஆன மொத்தச் செலவு: பல் ஒன்று, தையல் பதினேழு, இடது கையில் விரல் இரண்டு.