காதர் மைதீன் சார் கால்குலஸை விட்டுக்கொடுக்கவில்லை

காதர் மைதீன் சார் தாமாகவே விரும்பிக் கால்குலஸ் வகுப்பை விட்டுக்கொடுத்தார் என்று கல்லூரி இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். அது பொய். வகுப்பை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். அவரிடம் படித்த உங்களுக்கு அது தெரிய வேண்டும்.

கோரிப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அண்ணே, நம்ம கணக்கு சாரு மவுத்தாயிட்டாக," என்றார் கடைக்கார பாய். காதர் சார் வீட்டுக்குப் போனேன். வாசல் நிறையப் பழைய மாணவர்கள். அழுகையை விட அவருடைய வேடிக்கைப் பேச்சுகளைச் சொல்லிக்கொண்டிருந்த குரல்களே அதிகம் கேட்டன.

நான் அந்தக் கல்லூரியில் எழுத்தராக இருந்தவன். பட்டம் இல்லை, கணிதம் நானாகப் படித்தது. வேலை ஓய்ந்த மத்தியானங்களில் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். யாராவது அடிமானம் பத்தா, e-யா என்று குறிக்காமல் பலகையில் வெறும் லாக் என்று எழுதினால் போதும். "ஏம்ப்பா, ஒத்தக்கடையில எம்புட்டு சுப்பையா இருக்கான்? இனிஷியல் போடாமயா மணியார்டர் அனுப்புவ?" என்பார். வகுப்பே சிரிக்கும்.

ஒரு தேர்வில், x-இன் x-ஆம் அடுக்கை வகையிடச் சொல்லிக் கேள்வி. இரு பக்கமும் லாக் எடுத்துத்தான் செய்ய வேண்டும். லாக் டேபிள் பழக்கத்தில் ஒரு மாணவர் அடிமானத்தைப் பத்தாக எடுத்துவிட்டார். அதனால் வரும் மாறிலியை இரு பக்கமும் விடாமல் எழுதி, கடைசியில் அதனாலேயே வகுத்துச் சரியான விடைக்கு வந்திருந்தார். காதர் சார் முழு மதிப்பெண் போட்டார். துறைத்தலைவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

என் மேசைக்கு முன்னால்தான் பேச்சு நடந்தது.

"கால்குலஸ்ல லாக்னா e-தான், மிஸ்டர் காதர்."

"விளாங்குடிக்கு நேரா வந்தா சீக்கிரம் வரலாம் சார். சுத்தி வந்தவன வரவே இல்லைன்னு சொல்லலாமா?"

"மார்க்கைக் குறைங்க. இல்லேன்னா இந்த வகுப்பு உங்களுக்கு இல்ல."

"மார்க் இருக்கட்டும் சார்."

மார்க் நின்றது; அவரைக் கல்லூரியின் பள்ளிப் பிரிவுக்கு மாற்றிய உத்தரவை டைப் அடித்தவன் நான்தான்.

"சும்மா விடாதீங்க," என்று அவரிடம் கொதித்தேன். "அண்ணே, அந்தப் பையன் பாஸாயிட்டான்ல? அம்புட்டுதான் வேணும். இங்க பொடிப்பயலுக அல்ஜீப்ராவுல என்னைய மடக்குறானுக, வந்து பாருங்க!" என்று சிரித்தார். பள்ளிப் பிரிவிலும் சந்தோஷமாகவே இருந்தார். அதை எண்ணினால் எனக்கும் மனம் நிறைகிறது. ஆனால் அவர் சந்தோஷமாக இருந்ததால் அவருக்குச் செய்தது நியாயமாகிவிடாது.

ஓய்வில் இருக்கும் துறைத்தலைவர் அந்தக் கணக்கைப் பத்து அடிமானத்தில் தம் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் பேசிய முதல்வர், நடந்தது நடந்தபடி கல்லூரி மலரில் அச்சிட வேண்டும். இன்று எஞ்சினியராக இருக்கும் அந்த மாணவர் முன்வந்து சாட்சி சொல்ல வேண்டும். சரியென்று கண்டதிலிருந்து இறங்காத பிடிவாதம் காதர் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஆகவே, திருத்தம் அச்சாகும்வரை முதல்வர் அறை வாசலில் போய் நிற்க வேண்டியவன் நான். திங்கட்கிழமை போகிறேன்.