மூன்றரை அடி

அயர்லாந்தின் மேற்கே, எங்கள் கில்மோரன் ஊரில், ஃபின்டன் கான்சிடைனின் கடைசி ஜோக்குக்குச் சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். மாரிஸ் லிலிஸ். அந்த ஜோக்கே அவரைப் பற்றியதுதான்.

நான் டிம்ப்னா. ஃபின்டனும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. பால்பண்ணையில் கேன் கழுவிக்கொண்டிருந்தவன் ஒருநாள் மதுக்கடைப் பின்னறையில் எழுந்து நின்று நாலு ஜோக் சொன்னான். அதன்பிறகு பதினெட்டு வருஷம் ஊர் ஊராய் மேடை. வேன் ஓட்டியது நான். எந்த ஊரில் எதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கே போனாலும் அப்பாவின் அடக்கத்தைச் சொல்லித்தான் முடிப்பான்.

எங்கள் பக்கம் குழி தோண்டக் கூலியாள் கிடையாது. அக்கம்பக்கத்தார் தோண்டுவார்கள், துக்கவீட்டார் ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்தனுப்புவார்கள். ஃபின்டனின் அப்பாவுக்கு மாரிஸும் இன்னும் மூன்று பேரும் முந்தின நாளே தோண்டி வைத்தார்கள். மற்ற மூவரும் முன்னாலேயே கிளம்பிவிட, கடைசியாக ஆழம் பார்த்து முடித்தவர் மாரிஸ்தான். இரவெல்லாம் மழை. காலையில் பெட்டியை இறக்கினால் மூன்றரை அடியிலேயே தட்டிவிட்டது. பாதிரியார் நனைந்துகொண்டு நின்றார். பக்கவாட்டு மண் சரிந்திருக்கும் என்று அப்படியே மூடினோம்.

"ஆறடி தோண்டினேன். மண்வெட்டிக் காம்பை வெச்சு அளந்தேன்யா," என்று மாரிஸ் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

"ஆறடி தோண்டினது பாட்டிலுக்குள்ள," என்றது ஊர்.

எங்களிடம் ஒருவரைக் கேலி செய்யவில்லை என்றால்தான் அவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மாரிஸை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் சாகும்வரை அவர் பெயர் 'மூன்றரை'. அவர் அதன்பிறகு யாருக்கும் குழி தோண்டப் போகவில்லை. அதைக்கூட நாங்கள் கேலிதான் செய்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேடையில் ஃபின்டன் சொல்வான்: "எங்கப்பா வாழ்நாள் முழுக்க எல்லா வரிசையிலும் கடைசி. ஆனா உயிர்த்தெழுற நாள்ல பாருங்க, மூணரை அடிதானே, முதல் ஆளா எந்திரிச்சு நிப்பார்." டப்ளினில் இதற்குக் கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆகும்.

நாற்பத்தைந்து வயதில் கார்க் நகரத்து மேடையில் அவனுக்குப் பேச்சு மறந்துபோனது. முழுசாக மறந்துவிட்டது. திரும்பும் வழியில், "இனிமே வீட்ல உக்காந்து எழுதறேன். காகிதம் கூச்சல் போடாது," என்றான். எழுதினான். தொந்தி பெருத்த துப்பறிவாளன், தங்கள் காரையே திருட்டுக் கொடுக்கும் கொள்ளையர்கள் என்று சிரிப்பும் கொலையுமாக இரண்டு புத்தகம். நன்றாக ஓடின. மூன்றாவதில் பிணத்தை ஒளிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கைக்கெட்டின அப்பாவையே எடுத்துப் போட்டான்: நாளை அடக்கத்துக்குத் திறந்துவைத்த குழியில், இரவோடு இரவாக இன்னொருவனைப் போட்டு மண் மூடுகிறார்கள், காலையில் மேலே பெட்டி இறங்குகிறது. குழி ஆழம் குறைந்ததற்குத் தோண்டினவனின் குடியைக் குறைசொல்கிறது ஊர்.

நானும் படித்துச் சிரித்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சனிக்கிழமை மதியம் எங்கள் நூலகத்தில் வாசிப்பு. தேநீர், பழக்கேக், நாற்பது நாற்காலி. முன்வரிசையில் ஜார்லத் கினேன். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர், பாதி ஊருக்கு வீட்டு முதலாளி, அவர் சொன்னால் சொன்னதுதான். மூன்றாம் வரிசையில் பெக் டல்லி. அவள் மகன் கோல்மன் ஜார்லத்தின் தொழுவத்தில் வேலை பார்த்தவன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியா போகிறேன் என்று போனவனிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டது தானே என்று ஜார்லத் சொல்லியிருந்தார்.

ஃபின்டன் குழிக் கட்டத்தை வாசித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதுவரை வாய்விட்டுச் சிரித்த ஜார்லத் மட்டும் சிரிக்கவில்லை.

கையெழுத்து வாங்க அவரே முதலில் வந்தார்.

"நல்லா இருக்கு தம்பி. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நானா எழுதினது."

"அப்படியா." புத்தகத்தைக் கோட்டுப் பையில் வைத்தார். "உங்கப்பா நிம்மதியாத் தூங்கறார். தூங்கட்டும், என்ன?"

காருக்கு வந்தபோது ஃபின்டனின் முகம் வெளுத்திருந்தது. "டிம்ப்னா, நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னு போகணும். யார் சொன்னான்னு ஏன் கேக்கறாரு?"

நான் வாயைத் திறக்குமுன் பெக் ஜன்னலைத் தட்டினாள்.

"உங்கப்பாவை என்னிக்குப்பா அடக்கம் பண்ணோம்?"

"அக்டோபர் ஒம்போது."

"அதுக்கு முந்தின நாள், எட்டாந்தேதி சாயங்காலம்தான் கோல்மன் ஜார்லத்கிட்ட சம்பளம் கேட்டுட்டு வரேன்னு போனான்," என்றாள். நேரே போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

ஃபின்டன் அப்பாவின் குழியைத் திறக்க அவன் சம்மதம் வேண்டும். போலீஸ் படிவம் வந்தது. ஃபின்டன் பதினோரு நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தான். மூன்றாம் நாள் அவனுக்குத் தபாலில் அவனுடைய புத்தகமே வந்தது; குழிப் பக்கம் மட்டும் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தது. ஏழாம் நாளிலிருந்து ஜார்லத்தின் சாம்பல்நிற வண்டி என் வாசலுக்கு எதிரே நின்றது. அவர் இறங்கவில்லை. கையசைத்தார். நானும் கையசைத்தேன், வேறென்ன செய்வது? அன்று கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டேன்.

பதினோராம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு என்கிட்ட அழாத. பதினெட்டு வருஷம் அப்பாவைச் சொல்லிச் சோறு தின்ன. அந்தப் பொம்பளை இருபத்திரண்டு வருஷமாத் தபால்காரனைப் பாத்துட்டிருக்கா."

"என்னைக் கொன்னுடுவாருடி."

"கொல்லலாம். கையெழுத்தைப் போடு."

போட்டான். கையெழுத்து அவனுடையது மாதிரியே இல்லை.

டப்ளினிலிருந்து வந்த போலீஸ் திங்கட்கிழமைக்கு நாள் குறித்தது. டப்ளின்காரர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கம் திங்களில் குழி திறந்தால் ஆகாது. வேறு வழியில்லையென்றால் ஞாயிறே ஒரு கட்டி மண்ணாவது பெயர்த்து வைக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் பெக் கல்லறைத் தோட்டத்துக்கு மண்வெட்டியோடு வந்தாள். மாரிஸின் மண்வெட்டி, அவர் மனைவியிடம் கேட்டு வாங்கியிருந்தாள். சுவருக்கு அப்பால் சாம்பல்நிற வண்டி நின்றது. பெக் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புல்லோடு ஒரு கட்டியைப் பெயர்த்து ஓரமாக வைத்தாள். வண்டி கிளம்பிப் போனது.

மறுநாள் ஃபின்டனின் அப்பாவை முதலில் எடுத்தார்கள். பிறகும் தோண்டினார்கள். மதியம் மண்ணுக்குள்ளிருந்து தொழுவத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் ஒன்று வந்தது. போலீஸ்காரர் ஒருவர் அளவுநாடாவை உள்ளே விட்டு, "ஆறடி," என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ஃபின்டன் அங்கேயே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டான். "மாரிஸ் அளந்திருக்காரு டிம்ப்னா," என்றான். "சரியா அளந்திருக்காரு." ஜார்லத்தைச் சந்தையிலிருந்து போலீஸ் கூட்டிப்போன செய்தி வந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.

நான் பெக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க எல்லாரோடயும் வரிசையில நின்னு," என்றாள், "அன்னிக்கு நானும் ஒரு பிடி மண் போட்டேன்."