மூன்றாவது கட்டை

என் காலை நடையின் பாதி வழியில் ஒரு பலகை இருக்கிறது. தண்டவாளத்தைக் கடப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சுரங்கப்பாதை. சிறுமலையில் ஒரு நல்ல மழை பெய்தால் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் ரயில்வே சுவரின் உடைசலில் ஏறித் தண்டவாளத்துக்குப் போகிறார்கள். அந்தப் பலகையால் ஊருக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அது.

வருவாய்த் துறையில் விசாரணைக் கோப்புகள் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். யாரை யார் விசாரிக்கலாம், யார் முன்னிலையில் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அதனால்தான் என் கோபம் அடங்குவதில்லை. விவரம் தெரியாதவர்கள் எங்கள் தலையெழுத்து என்று சொல்லி என்றோ ஆறிப்போனார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணமானது நடந்தபோது எனக்கு ஏழு வயது. நாகல் நகரைத் தாண்டித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். தண்ணீர்க் குழாயை நகராட்சி இந்தப் பக்கம் வைத்திருந்தது. ரயில்வே கேட் வழியாகப் போக வேண்டுமென்றால் குடத்தோடு ஒரு மைல் சுற்ற வேண்டும். அதனால் வேலியில் ஒரு சந்து இருந்தது. பாதை வேலை பார்க்கும் கேங்மேன்களே எங்கள் பெண்கள் சறுக்கி விழுவதைப் பார்த்துவிட்டு, தண்டவாளத்துக்கு அடியிலிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகள் மூன்றை மேட்டில் பதித்துப் படியாகக் கொடுத்திருந்தார்கள்.

தண்டவாளம்தான் எங்கள் விளையாட்டு மைதானம். ஒற்றைத் தண்டவாளத்தில் கைவிரித்து நடப்போம். என் வித்தை வேறு. இரும்பில் காதை வைத்தால், வடமதுரைப் பக்கமிருந்து வரும் வண்டியை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவேன். அம்மாவின் தங்கையான சித்தி தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப் போவாள். நான் காதை வைத்து "ஒண்ணும் வரல சித்தி" என்ற பிறகுதான் அவள் கால் வைப்பாள்.

அன்றைக்கும் காதை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. வந்தது ரயில் அல்ல, டிராலி. நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சு. அதில் பாதையைப் பார்வையிடும் ஆய்வாளர் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடித் தள்ளிவிட்டு, வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறிக்கொள்வார்கள். இறக்கத்தில் அது சத்தமில்லாமல் வரும். சிவப்புக் கொடி பறக்க வேண்டும் என்பது விதி. கொடி சுருட்டியபடி பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. விசில் ஊத வேண்டியவர் வாயில் வெற்றிலை இருந்தது. குடம் நசுங்கி ஒரு பக்கம் உருண்டது. சித்தியின் கணுக்கால் எலும்பு முறிந்தது.

மறுநாள் கேட் அறையில் விசாரணை. விசாரித்தவர் யார் தெரியுமா? டிராலியில் உட்கார்ந்து வந்த அதே ஆய்வாளர். நான் எழுதிய எந்தக் கோப்பிலாவது இப்படி நடந்திருந்தால் மேலதிகாரி அதை என் முகத்தில் எறிந்திருப்பார். "சார் கேக்குறதுக்கு உள்ளதைச் சொல்லுப்பா" என்று என்னை உள்ளே அனுப்பிய அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஏலே அப்பு, ஒனக்கு எல்லாம் தெரியுமாமே. கேட் வழியாவா போனீங்க?" என்றார் ஆய்வாளர்.

"அம்புட்டு தூரம் யாரு சார் போவா? எங்களுக்குத் தனி வழி இருக்கு."

"அப்படியா. வண்டி வருதான்னு ரெண்டு பக்கமும் பாத்தீங்களா?"

"பாக்க வேண்டாம் சார். நான் காதை வச்சாலே போதும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். கொடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டவும் இல்லை. என் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார்கள். இரண்டு நாள் அந்த விரலைக் கழுவாமல் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

பின்னால் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் சித்தி மேல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். கால் உடைத்தவர்களுக்கு ஒரு மெமோ கூட இல்லை. கால் உடைந்தவள் கட்டோடு நீதிமன்றப் படியேறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கு அவள் போட்டிருந்த மனு அந்த வழக்கோடு முடிந்தது. அவளைக் காப்பாற்ற அந்த மூன்று கட்டைகளே போதுமாயிருந்தன. அவை அங்கே இருக்கும்வரை அது அத்துமீறல் ஆகாது. ரயில்வே ஆட்களே போட்டுக்கொடுத்த வழி. இதை எடுத்துச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. ஆனால் ஆய்வாளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்று என் விரலில் மை காய்வதற்குள், "டிராலில ஏறுறியா? ஒங்க வழியக் காட்டு, பாப்போம்" என்றார்.

எத்தனை நாள் ஆசை. குடைக்குக் கீழே, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்கள் தள்ளினார்கள். காற்று முகத்தில் அடித்தது. அப்பா ஜல்லியில் தடுமாறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் சிறியதாகிப் போனார். நான் கையசைத்தேன்.

சந்து வந்ததும் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். முதல் கட்டை பெயர்ந்தது. இரண்டாவதும் பெயர்ந்தது. தோளில் தூக்கி டிராலியில் போட்டார்கள்.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஆய்வாளர்.

"இன்னொண்ணு புல்லுக்குள்ள மறைஞ்சு கெடக்கு சார்" என்று நானே குதித்திறங்கிப் புல்லை விலக்கிக் காட்டினேன்.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்கு அம்மாவோடு போனேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். "பழைய கட்டையைப் பேத்துட்டாங்க சித்தி. ஒனக்குப் புதுசா படி போடத்தான் இருக்கும்."

சித்தி என் விரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

"மூணையும் காட்டிட்டியா?"

"மூணையும்" என்றேன் பெருமையாக.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.